ஆர்டிஸ் சட்டப்படி ஊமையான மூன்று வாரங்கள்

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஆர்டிஸ் ஹோவ்லாண்ட் தன் காபிக்கடையைத் திறந்து, கல்லாப்பெட்டிக்கு மேலே ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். அதில் இப்படி எழுதியிருந்தது:

"மாநில அரசியலமைப்பின்படி நான் செவிட்டு ஊமை. அந்த வார்த்தையை எடுக்க வேண்டாம் என்று போன வியாழக்கிழமை இந்த ஊர் கை தூக்கியது. ஊர் சொன்னால் சரிதான். இன்றிலிருந்து தேர்தல் வரை சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறேன். பேச்சு கிடையாது. காபி உண்டு."

ஆர்டிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆறு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் டால்பர்க் ஊரில் இருக்கும் அரசுப் பள்ளியில் சேர்க்க அவளைக் கூட்டி வந்தார்கள். படித்து முடித்தாள், இங்கேயே தங்கிவிட்டாள். காது போவதற்கு முன்பே பேசக் கற்றுவிட்டதால் அவளுக்குப் பேச்சு நன்றாகவே வரும். குரல் சில இடங்களில் தூக்கலாகவும் சில இடங்களில் அமுங்கியும் இருக்கும். வெளியூர்க்காரர்கள் அவளை சுவீடன்காரி என்று நினைப்பார்கள். உதட்டைப் பார்த்தே எதிராளி சொல்வதைப் பிடித்துவிடுவாள். முப்பது வருடமாக அந்தக் கடையில் அவள் வாங்காத வம்பு இல்லை, கொடுக்காத பதிலும் இல்லை. எங்கள் ஊரிலேயே அதிகம் பேசுகிற ஆள் யார் என்று கேட்டால், ஆறு வயதுக் குழந்தைகூட அவளைத்தான் காட்டும்.

அரசியலமைப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாநிலம் உருவானபோது இந்தச் சமவெளி முழுவதிலும் பத்துப் பன்னிரண்டு ஊர்கள்தான் பெயர் சொல்லும்படி இருந்தன. அந்தச் சாசனத்தை எழுதுவதற்காகக் கூடியவர்கள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஓர் ஊருக்குத் தலைநகரம், ஓர் ஊருக்குப் பல்கலைக்கழகம், ஓர் ஊருக்குச் சிறைச்சாலை. எல்லாவற்றையும் பங்கிட்டு முடித்தபோது எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரு பள்ளிக்கூடம். பின்னால் யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று ஊர்ப் பெயரோடு சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள்: "செவிட்டு ஊமையருக்கான பள்ளி, டால்பர்க் நகரில்." சாசனத்தில் இருப்பதால் ஓர் எழுத்தை மாற்றுவதென்றாலும் மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட வேண்டும். இந்த வருடம் சட்டமன்றம் அதை ஓட்டுக்கு விட்டிருந்தது. தீர்மானம் எண் ஒன்று: அந்த இரண்டு வார்த்தைக்குப் பதிலாகக் "காது கேளாதோர்" என்று எழுதலாமா, வேண்டாமா?

வேறு எந்த ஊராக இருந்தாலும் இதற்கு ஒரு காபி குடிக்கிற நேரத்துக்கு மேல் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் ஊருக்குக் காகிதம் என்றால் ஒரு பயம் உண்டு. சாசனம் எழுதுவதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு கிறிஸ்துமஸ் நடனத்தின்போது, கென்ஸ்லி ஊர்க்காரர்கள் இரண்டு பனிவண்டிகளில் வந்து எங்கள் மாவட்டப் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பதிவேடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாவட்டத் தலைமை என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதனால் இன்றும் ஒரு காரைப் பதிவு செய்ய நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு கென்ஸ்லிக்குப் போகிறோம். அந்தப் பனிவண்டித் தடத்தைப் பார்த்தவர்கள் யாரும் இன்று உயிரோடில்லை. ஆனால் நேற்றுக் காலை பார்த்ததுபோல எல்லோரும் சொல்வார்கள்.

ஆகவே வியாழக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் ஊர்க்கூட்டம் நடந்தபோது டெல்மர் க்விஸ்ட் எழுந்தான். பள்ளிக்கூடத்துக் கொதிகலனை முப்பத்தொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன். அவன் அப்பாவும் அதே கொதிகலன்தான். ஊரில் அறுநூறு பேர் என்றால் அறுபது பேர் அந்தப் பள்ளியின் சம்பளத்தில் இருக்கிறார்கள்.

"வார்த்தை நல்லா இல்லைதான், ஒத்துக்கிறேன்," என்றான். "எங்கப்பா காலத்துக் கொதிகலனும்தான் நல்லா இல்ல. ஆனா எரியுது. எரியறதைப் போய் யாராவது திறந்து பாப்பாங்களா? இன்னிக்கு ரெண்டு வார்த்தையை எடுக்கத் திறப்பாங்க. திறந்த கையோட ஊர்ப் பேரையும் எடுத்துட்டு கென்ஸ்லின்னு எழுதிட மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

"புது வாசகத்துலயும் டால்பர்க்னுதான் இருக்கு. நான் தபால் ஆபீஸ்ல ஒட்டி வெச்சிருக்கேனே," என்றேன் நான்.

"ஒட்டினதைப் படிச்சேன் வெர்னிஸ். பதிவேடும்தான் பூட்டி வெச்சிருந்தோம்."

ஆர்டிஸ் எழுந்தாள். "டெல்மர், கொதிகலனை யாரும் ஊமைன்னு கூப்பிடறதில்ல."

"உன்னை யாரும்மா அப்படிக் கூப்பிட்டா? சொல்லு, கேக்கறேன்."

"மாநிலம். பத்தாவது பிரிவு, நாலாவது பத்தி."

கூடம் சிரித்தது. சிரித்துவிட்டுக் கை தூக்கியது. மாற்றலாம் என்று மூன்று கை: ஆர்டிஸ், பாஸ்டர் லின், நான். வேண்டாம் என்று நாற்பத்தொரு கை.

அன்றைக்குக் கோப்பை கழுவிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்: "மாநிலம் பூரா ஆம்னுதான் போடுவாங்க வெர்னிஸ். அது எனக்குத் தெரியும். எவனோ முந்நூறு மைல் தள்ளி இருக்கறவன் ஆம்னு போட்டு எனக்கு என்ன? முப்பது வருஷமா நான் காபி ஊத்தின ஆளுங்க என்ன போடறாங்க, அதுதான் எனக்கு வேணும். இந்த ஊர் எண்ணிக்கை மட்டும்."

தேர்தலில் எங்கள் வாக்குச்சாவடி எழுத்தர் நான்தான். அதனால் அந்த எண்ணிக்கையை அவளிடம் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். டெல்மர் உள்ளே வந்தான், அட்டையைப் படித்தான், தொப்பியைக் கழற்றினான், மறுபடி படித்தான். பக்கத்தில் ஓர்வில் ஷாஃபர். சூரியகாந்தி போடுகிற விவசாயி, பேச்சில் டெல்மரை விட்டால் வேறு ஆள் கிடையாது அவனுக்கு.

"கோவமா இருக்கா," என்றான் ஓர்வில்.

"ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்றான் டெல்மர்.

ஆர்டிஸ் வந்து நின்றாள். ஒரு முஷ்டியின் மேல் இன்னொரு முஷ்டியை வைத்து, காபிக்கொட்டை அரைப்பதுபோலச் சுற்றினாள். புருவத்தைத் தூக்கினாள். காபியா?

"ஆமா, காபி," என்றான் டெல்மர் உரக்க.

அவள் அசையவில்லை.

"காபி!" என்று கத்தினான், கத்தினால் கேட்கும் என்பதுபோல. ஓர்வில் தன் இரண்டு கையாலும் ஏதோ செய்தான். மாடு கறப்பதுபோல இருந்தது. ஆர்டிஸ் உள்ளே போய் ஒரு தட்டில் ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீனைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். காலை ஆறே முக்கால் மணிக்கு.

"நீ மீனா கேட்ட?"

"எனக்கென்னடா தெரியும், என்ன கேட்டேன்னு."

கடைசியில் இருவரும் முஷ்டியைச் சுற்றிக் காட்டினார்கள், காபி வந்தது. அதுவரை விளையாட்டாகத்தான் இருந்தது. அடுத்து கேரமல் ரோல் வந்தபோதுதான் ஊருக்கு நிஜமான கஷ்டம் ஆரம்பமானது.

ஆர்டிஸின் கேரமல் ரோல், பாகு ஊற்றிச் சுட்ட இனிப்பு ரொட்டிச் சுருள், ஒரு கை அகலம் இருக்கும். எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவையே வாங்கிக்கொள்வது மரியாதை இல்லை. வழக்கமாக நடப்பது இது:

"ரோல் வேணுமா டெல்மர்?"

"வேண்டாம் வேண்டாம். வீட்டுலயே சாப்பிட்டுட்டேன்."

"நிஜமாவா? இப்பத்தான் எடுத்தேன்."

"இருக்கட்டும், வேற யாருக்காவது ஆகும்."

"ஒரு சின்னதா?"

"சரி, நீ இவ்வளவு சொல்றியேன்னு."

பிறகு இருப்பதிலேயே பெரியதை எடுப்பான். முப்பது வருடமாக இதுதான் முறை. ஆனால் கையால் பேசுகிற ஆர்டிஸ் ஒரே தடவைதான் கேட்டாள். தட்டை நீட்டி, புருவத்தைத் தூக்கினாள். டெல்மர் பழக்கப்படி உள்ளங்கையை ஆட்டி வேண்டாம் என்றான். அவள் தலையசைத்துவிட்டுத் தட்டோடு போய்விட்டாள். ஓர்வில் வயிற்றைத் தட்டிக் காட்டி நிரம்பிவிட்டது என்றான். அதையும் அவள் நம்பிவிட்டாள். வங்கிக்காரர், பாஸ்டர், பால் வண்டி ஓட்டுகிறவர், எல்லோரும் ஒரே தடவை மறுத்தார்கள். இரண்டாவது தடவை வருவாள் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அவள் வரவில்லை. ஒன்பது மணிக்கு முப்பது ரோலும் அப்படியே இருந்தன.

ஆர்டிஸ் அவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி, டெல்மரின் கையில் கொடுத்து, பள்ளிக்கூடம் இருக்கும் திசையைக் காட்டினாள். அவன்தானே அங்கே போகிறவன்.

"நம்ம ரோலை நானே தூக்கிட்டுப் போகணுமாம்," என்றான் டெல்மர் வாசலில். முகத்தைப் பார்த்தால் சொந்தப் பசுவைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறவன் போல இருந்தது.

செவ்வாயும் அதேதான். புதனும் அதேதான். வியாழக்கிழமை ஓர்வில் மேசையைக் குத்தினான். "ஆம்னு சொல்றதுக்கு ஒரு சைகை இருக்குமே. டெல்மர், முப்பத்தொரு வருஷமா அங்க வேலை பாக்குற. ஆம்னு கூடவா சொல்லத் தெரியாது?"

"கொதிகலனுக்கு ஆம் எல்லாம் தேவைப்படல."

"பின்ன என்னதான் தெரியும் உனக்கு?"

டெல்மர் யோசித்தான். "சூடு. கதவைச் சாத்து. அப்பறம் இன்னொண்ணு இருக்கு, அதை பாஸ்டர் முன்னாடி காட்ட முடியாது."

அன்று பெட்டியைக் கொண்டுபோனவன், சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு வந்தான். மறுநாள் காலை ஆர்டிஸ் தட்டை நீட்டியபோது அவன் முஷ்டியை மடக்கி, தலையாட்டுவதுபோல மேலும் கீழும் ஆட்டினான். முதல் தடவையிலேயே. அந்த வெட்கங்கெட்ட காரியத்தைச் செய்துவிட்டு அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஆர்டிஸ் நடுவில் இருக்கிற ரோலை, ஓரம் காயாமல் நாலு பக்கமும் மெத்தென்று இருப்பதை, எடுத்து வைத்தாள். டெல்மர் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். கடை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் பதினோரு முஷ்டிகள் ஆடின.

இரண்டாவது வாரத்துக்குள் கடையில் பாதிப் பேர் கையை ஆட்டித்தான் காபி வாங்கினார்கள். ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதை நான் கவனித்த அளவுக்கு மற்றவர்கள் கவனித்தார்களா தெரியாது. அவளுக்கு எப்போதும்தான் காது கேட்காது. போன மாதமும் கேட்கவில்லை, இந்த மாதமும் கேட்கவில்லை; பேச்சை நிறுத்தினாள், அவ்வளவுதான். உதட்டைப் படிக்கிற கண் அதே கண்தான். இருந்தாலும் ஊர் அவள் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று எடுத்துக்கொண்டது. அட்டையில் ஊமை என்று எழுதியதும் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள்! அவள் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஓர்வில் மனைவி ஐலீன் தன் தங்கையிடம், "இந்தக் காபி பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இல்ல?" என்றாள். டிராக்டர் விற்கிறவர் தன் தொப்பிக்குள் வைத்திருக்கும் பொய்முடியைப் பற்றிப் பேசினார். ஆர்டிஸ் ஆர்டர் சீட்டில் ஏதோ குறித்து, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணியில் குத்தி வைத்தாள். ஆணி நிறைந்துகொண்டே போனது. காபி கேட்ட சீட்டுகள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

டெல்மர் மட்டும் அசையவில்லை. ரோல் தின்றான், முஷ்டி ஆட்டினான், வெளியே போய்ப் பலகை நட்டான். மொத்தம் பன்னிரண்டு பலகை, சாலையின் இரண்டு பக்கமும். "அந்த வரியைத் தொடாதே. பள்ளியைக் காப்பாற்று." ஊர் அவனைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடும் என்பது எனக்கும் தெரியும், ஆர்டிஸுக்கும் தெரியும். தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் விசாரித்தவரை ஆம் கணக்கு மூன்றிலிருந்து அறுபது எழுபதுக்கு வந்திருந்தது. போதாது.

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை கென்ஸ்லியிலிருந்து இரண்டு கார் நிறைய ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒரு காபிக்கடைக்காரி மாநிலச் சாசனத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்ற செய்தி அவர்களுக்கு எட்டியிருந்தது. அவர்களில் வாலஸ் பிராட் என்ற இரும்புக்கடைக்காரனும் இருந்தான், மார்பு வரை தாடி. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தன் மைத்துனனிடம் மெதுவாக ஏதோ பேசினான். அடுத்த மேசையில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டெல்மர்.

ஆர்டிஸ் கல்லாப்பெட்டியில் நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சீட்டில் விறுவிறுவென்று எழுதி, டெல்மரின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். டெல்மர் படித்தான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சீட்டில் இருந்தது ஊர் முழுவதற்கும் தெரியும். தானியக் கிடங்கில் டெல்மரே நின்று படித்துக் காட்டினான். கென்ஸ்லிக்காரன் சொன்னானாம்: "டால்பர்க்காரங்களே வேண்டாம்னு போடட்டும். அப்பறம் நாம தலைநகருக்குப் போய், அந்தப் பிள்ளைங்களை இன்னமும் ஊமைன்னு சொல்ற ஊர்ல பள்ளிக்கூடம் எதுக்குன்னு கேக்கலாம். மூணு பனிவண்டி போதும்."

"மூணு பனிவண்டின்னா சொன்னான்?" என்று ஓர்வில் கேட்டானாம்.

"எழுதியிருக்கு பாரு."

"அயோக்கியப் பய."

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் டெல்மர் தன் பலகைகளைப் பிடுங்க ஆரம்பித்தான். பதினொன்று வந்துவிட்டது. பன்னிரண்டாவது உறைந்த மண்ணில் மாட்டிக்கொண்டது. அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டுக் கட்டினான்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. திங்கட்கிழமை மத்தியானம் கடை காலியாக இருந்தபோது ஆர்டிஸின் எதிரில் போய் நின்றேன்.

"அந்த வாலஸுக்குத் தாடி."

அவள் கோப்பையைத் துடைத்தாள்.

"தாடிக்காரங்க பேசறது வைக்கப்போருக்குள்ள எலி ஓடற மாதிரி, ஒண்ணும் பிடிபடாதுன்னு நீதான் சொல்லுவ. பாஸ்டருக்கு முன்னாடி இருந்தவரை தாடியை எடுக்க வெச்சவளே நீ. இவன் பேசினது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அவள் சீட்டை எடுத்தாள். எழுதினாள். திருப்பிக் காட்டினாள்: "நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் ஊமை."

"பொய்தானே எழுதின?"

சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது.  பிறகு எழுதியது இது: "கென்ஸ்லிக்குப் பயந்து ஆம் போட்டால் அதுவும் ஆம்தானா?"

வாக்குச்சாவடி எழுத்தர் என்ற முறையில் சொல்வதற்கு எனக்கு ஒன்றுதான் இருந்தது. "எண்ணும்போது எல்லாம் ஒண்ணுதான்," என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

செவ்வாய்க்கிழமை பனி விழுந்தது. தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசை போட்டோம். முதல் ஓட்டு ஆர்டிஸ். கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்ப அவளுக்கு மூன்று நிமிடம் ஆனது. காகிதம் கிழிந்துவிடுமோ என்று பயந்தேன். டெல்மர் கொதிகலன் வேலையை முடித்துவிட்டுச் சாவடி மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தான். யாரையும் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனான். முடிவை நான் கதவில் ஒட்டினேன். ஆர்டிஸ் வந்து பார்க்கவில்லை. முந்தின நாளே எழுதிக் கொடுத்திருந்தாள்: "காலையில் கடைக்குக் கொண்டு வா."

புதன்கிழமை ஆறரை மணிக்குக் கடையில் உட்கார இடமில்லை. எல்லோருக்கும் எண்ணிக்கை தெரியும். வழியில் கதவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆர்டிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எங்கள் ஊர் முகங்களில் அறுவடையும் ஆலங்கட்டி மழையும் ஒரே மாதிரிதான் தெரியும், அவளாலேயே படிக்க முடியாது. நான் தாளை நீட்டினேன்.

டால்பர்க்: ஆம் 187. இல்லை 164.

அவள் படித்தாள். விரலை வைத்து மறுபடி படித்தாள். நாலாக மடித்தாள். பிறகு அட்டையைக் கழற்றிக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமினாள். மூன்று வாரம் ஓடாத வண்டியைக் கிளப்புவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"ஐலீன்," என்றாள். "பாத்திரம் கழுவின தண்ணி இன்னொரு கோப்பை ஊத்தவா?"

யாரோ காபியைத் துப்பினார்கள். ஆர்டிஸ் ஆணியிலிருந்து சீட்டுகளைக் கொத்தாக உருவினாள். ஒவ்வொன்றாக எடுத்து, பெயர், நாள், நேரம் சொல்லிப் படித்தாள். டிராக்டர்காரர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கதவை நோக்கி நகர்ந்தார்கள். "உக்காரு, உன்னோடது இன்னும் வரல," என்றாள். சிரித்துச் சிரித்து ஓர்வில் இருமத் தொடங்கினான், தன் சீட்டு வரும் வரை.

எல்லாம் ஓய்ந்த பிறகு அவள் டெல்மர் முன்னால் போய் உட்கார்ந்தாள். முகம் மாறியிருந்தது.

"டெல்மர், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கென்ஸ்லிக்காரன் சொன்னதா நான் எழுதினது..."

"பொய்," என்றான் டெல்மர்.



"தெரியுமா உனக்கு?"

"உனக்குக் காது கேக்காதுன்னா எனக்குமா கேக்காது? நான் அவன் முதுகுக்குப் பின்னாடிதானே உக்காந்திருந்தேன். அவன் பேசினது பூரா அவன் வண்டி கியர்பாக்ஸ் பத்தி. இருபது நிமிஷம்."

"தெரிஞ்சும் ஊரெல்லாம் படிச்சுக் காட்டினியா? மூணு பனிவண்டின்னு வேற?"

"பனிவண்டி நல்லா இருந்துச்சு. அதை வெச்சுத்தான் கேட்டாங்க." டெல்மர் கோப்பையைச் சுற்றினான். "பன்னிரண்டு பலகை நட்டவன் நான். நட்டவனே எப்படிப் பிடுங்கறது? சும்மா பிடுங்கினா இவன் சிரிப்பான்." ஓர்வில் பக்கம் தலையை அசைத்தான். "பிடுங்க ஒரு காரணம் இல்லாம ஒரு வாரமா முழிச்சிட்டிருந்தேன். நீ எழுதிக் கொடுத்த. எடுத்துக்கிட்டேன்."

"ஏன் பிடுங்கணும்னு தோணிச்சு?"

டெல்மர் மீசையைத் தடவினான்.

"தினமும் ரோல் கொண்டு போனேன்ல. ஆமுக்கு அப்பறம் இன்னும் ரெண்டு மூணு கத்துக் கொடுத்தாங்க. கத்துக்கிட்டா என்ன ஆகும்? புரிய ஆரம்பிச்சிடுது. அந்தப் பிள்ளைங்க பேசற பேச்சு இருக்கே, ஐலீனும் அவ தங்கச்சியும் பிச்சை வாங்கணும். எனக்கு அங்க ஒரு பேர் இருக்கு, தெரியுமா? முப்பத்தொரு வருஷமா இருக்காம். இந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மா படிச்ச காலத்துலேர்ந்து." அவன் ஒரு கையால் மூக்கைப் பொத்தி, இன்னொரு கையால் மீசையை முறுக்கிக் காட்டினான். "இதுதான் நான். எண்ணெய் நாத்தம் பிடிச்ச மீசை."

ஆர்டிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும்," என்றான் டெல்மர்.

"அந்தப் பேரை வெச்சதே நான்தான்," என்றாள் ஆர்டிஸ். "கடைக்கு முன்னாடி, பள்ளிக்கூடச் சமையல்கட்டுல வேலை பாத்தப்ப. நீ சேர்ந்த முதல் வாரம்."

அன்று கடையில் எழுந்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. நடுவில் அவள் கேட்டாள்: "நீ என்ன போட்ட டெல்மர்?"

"அது ரகசிய ஓட்டும்மா. சட்டம்."

மாநிலத்திலும் தீர்மானம் ஜெயித்துவிட்டது. ஆனால் சாசனம் மாறினால் கல் தானாக மாறாது. பள்ளியின் முன்வாசலுக்கு மேலே, கல்லில், பழைய இரண்டு வார்த்தையும் ஒரு முழ உயரத்துக்குச் செதுக்கியிருக்கிறது. அதை எடுக்க மாநிலத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், குழு அமைக்க வேண்டும், வரலாற்றுத் துறை வந்து பார்க்க வேண்டும். டெல்மர் யாரையும் கேட்கவில்லை. கொதிகலன் அறையில் மிஞ்சிய பச்சைப் பெயிண்ட்டில் ஒரு நீளப் பலகையை எழுதி, "காது கேளாதோர் பள்ளி" என்று, சனிக்கிழமை காலை ஏணியைச் சாத்தி மேலே ஏறினான். கீழே ஏணியைப் பிடிக்க ஓர்வில். கோணலாகிவிடாமல் பார்த்துச் சொல்ல ஆர்டிஸ். தபால் பையோடு அந்தப் பக்கம் போன நான்.

காற்று வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. "இடது பக்கம் தூக்கு!" என்று ஆர்டிஸ் கத்தினாள்.

"என்னா?" என்றான் டெல்மர் மேலேயிருந்து.

"இடது!"

"ஒண்ணுமே கேக்கல!"

மாடி ஜன்னல்களில் பிள்ளைகள் கூடி நின்று, இரண்டு பக்கமும் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆர்டிஸ் ஒரு நிமிடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கையுறைகளைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டாள், அந்தக் குளிரில், வெறும் கையால், இடது முனை, கொஞ்சம் மேலே என்று காட்டினாள்.

டெல்மர் அவள் கைகளையே பார்த்தான். வலது முனையைத் தூக்கினான். ஜன்னல்கள் முழுவதும் தலையில் அடித்துக்கொண்டன.

ஆர்டிஸ் விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டு, இன்னொரு தடவை, மெதுவாகக் காட்டினாள்.